இரண்டு சொம்புத் தண்ணீர்

காலையிலிருந்து மூன்றாவது தடவையாக யமுனா குழந்தையின் அடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது.

பிள்ளை பிறந்து அன்றைக்கு ஆறாம் நாள். மே மாதத்து வெயில். ஷீட் போட்ட கூரைக்குக் கீழே அறை அடுப்பில் வைத்த சட்டி போலக் காய்ந்தது. யமுனா ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய சேலையைச் செருகி வைத்திருந்தாள். ஃபேன் போடுவதில்லை. பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாது. கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள் அவளுடைய தங்கை பத்மினி. காதில் பஞ்சு, தலையைச் சுற்றித் துண்டு. உதட்டுத் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது.

"நல்ல புள்ளடி உன் புள்ள. நேத்துலேந்து அழவே இல்ல," என்று முந்தின நாள் சாயங்காலம் சந்தோஷமாகச் சொன்னவள் யமுனாதான்.

பிள்ளையைத் தூக்கினாள். உடம்பு கொதித்தது. உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தாள். முகம் சுளித்தது, சத்தம் வரவில்லை. வாய்க்குள் சுண்டுவிரலை வைத்தாள். நாக்கு விரலில் ஒட்டியது. துணியை எடுத்துக் கதவுப் பக்கம் வெளிச்சத்தில் விரித்தாள். ஓரத்தில், செங்கல் பொடியைக் கரைத்துத் தெளித்தது போலச் சிவப்பாக ஒரு கறை.

இந்தக் கறையை அவள் இதற்கு முன் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால், இதே இடத்தில், ஓலைக் கூரை இருந்த காலத்தில்.

அவர்களுடைய ஊர் சித்தூரிலிருந்து வேலூர் போகிற ரோட்டில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் முன்னால். பள்ளிக்கூடமும் ரேஷன் கார்டும் தெலுங்கு, வீட்டுக்குள் பேச்சு தமிழ். யமுனாவின் நைனா காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது. பிறகு அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போட்டார்கள், அப்புறம் மாங்கன்று வைத்தார்கள். யமுனா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவள். எண்பது பிள்ளைகள். காலையில் வெல்லம் போட்ட ராகி ஜாவா என்கிற கஞ்சி, மதியம் சோறு, பருப்பு, கீரை, முட்டை. முட்டை வேண்டாம் என்று ஓடுகிற பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அது தின்று முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பாள். கைப்பக்குவக்காரி, ருசியாகச் சமைப்பாள் என்று பெயர். புருஷன் புருஷோத்தமன் சித்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே மகள் தேவசேனா வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

தேவசேனாவுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்திருந்தான். அப்போது யமுனாவுக்குப் பத்தொன்பது வயது. பிரசவம் பார்த்ததும் பத்தியம் போட்டதும் அவளுடைய அம்மாதான். சுட்ட மிளகாய், பூண்டு, கருவாட்டுத் துண்டு வைத்து ஒருவேளைச் சோறு. சுக்கும் மிளகும் இடித்த மருந்து உருண்டை. தண்ணீர் மட்டும் கிடையாது. காய்ச்சிய வெந்நீர் இரண்டு மடக்கு, அதுவும் மருந்து விழுங்குவதற்கு. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், பால் நீர்த்துப் போகும், சளி பிடித்து அது பிள்ளைக்கு இறங்கும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாலாம் நாள் அம்மா களையெடுக்கப் போயிருந்தபோது யமுனாவால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். ஏழாம் நாள் பிள்ளை சத்தம் போடுவதை நிறுத்தியது. ஒன்பதாம் நாள் செத்துப் போனது.

"தண்ணி குடிச்சியா?" என்று அம்மா கேட்டாள். யமுனா தலையாட்டினாள். "அப்ப நீதான்," என்றாள் அம்மா.

அந்த ஒரு தடவைதான். சாகிற வரைக்கும் அம்மா அதை மறுபடி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இரண்டாவதாகத் தேவசேனா பிறந்தபோது யமுனா நாற்பது நாள் கல்லாக இருந்தாள். தாகத்தில் சுவரில் வழியும் ஈரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். பால் போதவில்லை. அதே நேரம் பிள்ளை பெற்றிருந்த பக்கத்து வீட்டுச் சென்னம்மா தன் பிள்ளையோடு சேர்த்துத் தேவசேனாவுக்கும் பால் கொடுத்தாள். பெண் பிழைத்தாள். பத்தியம்தான் பிழைக்க வைத்தது என்று யமுனா நம்பினாள்.

அம்மா போனபோது பத்மினிக்கு ஒன்பது வயது. அதற்கப்புறம் அவளுக்குத் தலை வாரி, ஸ்கூலுக்கு அனுப்பி, ஆளாக்கி, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிற சிரஞ்சீவிக்குக் கட்டிக் கொடுத்தது வரைக்கும் யமுனாதான். தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்ததும் அவள்தான். சித்தூர் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், இரண்டு கிலோ தொள்ளாயிரம், ஆண் பிள்ளை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் யமுனா தண்ணீர்ப் பானையைத் தூக்கிச் சமையல் கட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

இப்போது, கறை பட்ட துணியோடு அவள் கட்டிலருகே வந்தாள்.

"பத்மி. எழுந்திரு. புள்ள ஒரு மாதிரி கீது."

பத்மினி எழுந்து உட்காரப் பார்த்தாள். தலை சுற்றி, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் காய்ச்சல். இரண்டு நாளாக ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்று சொல்லியிருந்தாள். மருந்துச் சூடு என்று யமுனா விட்டுவிட்டாள். பத்மினி துணியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கண் அகன்றது.

"அக்கா, நான் தண்ணி குடிச்சிட்டேன்."

"எப்ப?"

"குளிக்கப் போனப்ப. பக்கெட்டுலேந்து. வேப்பிலை போட்ட தண்ணி. தாங்க முடியலக்கா."

"எத்தினி?"

"ரெண்டு சொம்பு."

யமுனாவின் கை தானாக ஓங்கியது. அடிக்கவில்லை. குளிக்கிற தண்ணீரைக் குடித்திருக்கிறாள். ஒரு டம்ளருக்கே ஒரு உயிர் போனது, இவள் இரண்டு சொம்பு குடித்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. போனில் புருஷனைக் கூப்பிட்டாள். "ஆட்டோவ எடுத்துகினு வா. யாரயும் ஏத்தாத. சீக்கிரம்."

சித்தூர் ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடை போட்டார்கள். இரண்டு கிலோ முந்நூற்றைம்பது. நர்ஸ் பிள்ளையை இறக்கி, மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே எண். அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ரத்தம் எடுத்தார்கள். பிள்ளை ஊசிக்கும் அழவில்லை. டாக்டரம்மா சின்ன வயது, தெலுங்கில் வேகமாகப் பேசினாள். சோடியம் என்றாள், கிட்னி என்றாள், ஃபிட்ஸ் வரலாம் என்றாள். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போகவேண்டும், ஆம்புலன்ஸ் சொல்லியாகிவிட்டது. நடுவில் நிமிர்ந்து யமுனாவிடம், "தல்லிகி நீள்ளு இஸ்துன்னாரா?" என்று கேட்டாள். தாய்க்குத் தண்ணீர் கொடுக்கிறீர்களா என்று.

"லேது, லேது," என்று யமுனா அவசரமாகச் சொன்னாள். இல்லவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவள் மறுப்பது போல இருந்தது அவள் குரல். டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

எழுபது கிலோமீட்டர். பத்மினி ஸ்ட்ரெச்சரில், பிள்ளை அவள் மார்மேல், மூக்கில் டியூப். யமுனா ஓரத்து சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறுகிறதா, இறங்குகிறதா. ரோடு குலுங்கும்போதெல்லாம் எது மூச்சு எது குலுக்கல் என்று தெரியாமல் போகும். அப்போது அவளுடைய மூச்சும் நின்றுவிடும். வெளியே மாம்பழ லாரிகள் பழக்கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசை கட்டி நின்றன. சந்திரகிரி தாண்டியதும் ஜன்னலில் திருப்பதி மலை தெரிந்தது. கூட வந்த ஆம்புலன்ஸ்காரன் கை கூப்பினான். யமுனா கூப்பவில்லை. முதல் பிள்ளையின்போது அவள் வேண்டியிருந்தாள், முடி காணிக்கை வரைக்கும். இப்போது வேண்டிக்கொள்ளவே பயமாக இருந்தது. மலையடிவாரத்து அலிபிரி பக்கம் போகிற வண்டிகளுக்கு நடுவில் சைரன் அலற அலற ஊர்ந்தபோது, பத்மினி மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா. சிரஞ்சீவிகிட்ட, யார்கிட்டயும் சொல்லாத. தண்ணி குடிச்சத."

"சொல்லமாட்டேன்," என்றாள் யமுனா. தங்கையின் கையைப் பிடித்தாள். இருபத்தோரு வருஷம் தான் சுமந்தது இனி இவளுக்கா என்று நினைத்தபோதுதான் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது.

திருப்பதியில் பிள்ளையைக் கண்ணாடிக் கதவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பத்மினி கதவுவரை நடந்தாள். அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வார்டிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து தாங்கினாள். முப்பது வயதிருக்கும். சட்டையில் தபிதா என்று பெயர். சித்தூர் மிஷன் காம்பவுண்டுக்காரி, தமிழ்தான் பேச்சு. பத்மினியைப் படுக்க வைத்து, பல்ஸ் பார்த்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, கைத்தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய இடம் உடனே படியாமல் மேடாகவே நின்றது. தபிதா ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

பத்மினி வாங்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

தபிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏம்மா அவங்கள பாக்கற? குடி."

"குடுக்காதம்மா," என்றாள் யமுனா. "அவ தண்ணி குடிச்சிதான் புள்ளைக்கு இப்படி ஆச்சி." சொன்ன பிறகுதான், சொல்லமாட்டேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது.

தபிதா டம்ளரை இறக்கவில்லை. "எத்தன நாளா தண்ணி குடிக்கல?"

பத்மினி மறுபடி அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா. உங்களத்தான் கேக்கறேன்."

"வீட்டுக்கு வந்ததுலேந்து. மருந்துக்கு ரெண்டு மடக்கு குடுப்பேன். குளிக்கறப்ப திருட்டுத்தனமா ரெண்டு சொம்பு குடிச்சிட்டா."

"அந்த ரெண்டு சொம்புதான் இவள உசுரோட வச்சிக்கினு இருக்குது," என்றாள் தபிதா. பத்மினியின் தலைக்கு அடியில் கையைக் கொடுத்து, டம்ளரை அவள் உதட்டில் வைத்தாள். பத்மினி குடித்தாள். முதல் மடக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல், தாடை வழியாகக் கழுத்தில் வழிய வழியக் குடித்தாள். தபிதா மறுபடி ஊற்றினாள். அதுவும் போனது. யமுனா பார்த்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து ஏதாவது சத்தம் வருமோ என்று காது அங்கேயே இருந்தது.

பத்மினிக்குக் கையில் டிரிப்ஸ் ஏற்றிய பிறகு தபிதா யமுனாவை வெளி வராந்தா பெஞ்சுக்கு அழைத்து வந்தாள். திட்டுவாள் என்று யமுனா எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை.

"புள்ள காஞ்சி பூட்டுது அக்கா. வயித்துக்கு ஒண்ணும் போகல. ஒடம்புல தண்ணி இல்லாம உப்பு ஏறிடுச்சி. துணியில செவப்பா கற பட்டுச்சா?"

யமுனா தலையாட்டினாள்.

"அது ரத்தம் இல்ல. ஒண்ணுக்கு ரொம்ப கெட்டியா போனா அப்படி வரும். எல்லாம் தண்ணி குடுக்காததுனாலதான்னு நான் சொல்லமாட்டேன். புள்ள சரியா வாய் வச்சி இழுத்திருக்காது. அத யாரும் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கமாட்டாங்க. எட போட்டிருக்கமாட்டாங்க. ஆனா தாய்க்காரி எழுந்து உக்காரவே முடியாம கீறா. காய்ச்சல், மூத்திரத்துல எரிச்சல். அவ எப்படி மணிக்கொருதரம் எடுத்து பால் குடுப்பா?"

"தண்ணி குடிச்சா சளி எறங்காதா?"

"எறங்காது."

"பால் நீத்து போவாதா?"

"போவாது அக்கா. தாகத்துக்கு தண்ணி குடிச்சதுனால எந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

யமுனா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் தாய்ப்பால் பற்றித் தெலுங்கில் ஒரு போஸ்டர் இருந்தது. அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எதையும் படிக்கவில்லை. கடைசியில், யாரோ தூரத்தில் பேசுவது போல அவள் குரல் வந்தது.

"அப்ப என் புள்ள எதுனால செத்துச்சி?"

தபிதாவுக்கு முதலில் புரியவில்லை. யமுனா சொன்னாள். நாலாம் நாள், பானை, ஒரு டம்ளர், ஏழாம் நாள், ஒன்பதாம் நாள், அம்மா. எல்லாம் சேர்த்து ஐந்தாறு வாக்கியம்தான். வெளியாள் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை என்பதால் அதைச் சொல்வதற்கு இவ்வளவு கொஞ்ச நேரம்தான் ஆகும் என்பதே அவளுக்குத் தெரியாது.

"தெரியாதுக்கா," என்றாள் தபிதா. "பாக்காத புள்ளைய பத்தி நான் பொய் சொல்லக்கூடாது. இதே மாதிரி காஞ்சி போயிருக்கலாம். வேற ஏதாவது நோவு இருந்திருக்கலாம். ஆனா நீங்க குடிச்ச தண்ணியால இல்ல. அது மட்டும் எனக்கு தெரியும்."

நிம்மதி வரவேண்டிய இடம் அது. வரவில்லை. வந்தது வேறொரு பயம். ஒரு டம்ளர் தண்ணீரால் கொன்றவள் என்று இத்தனை வருஷம் இருந்தவள், இப்போது தண்ணீர் கொடுக்காமல் தங்கையின் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவளாக ஆகிவிட்டாள். பானையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கை இந்தக் கைதான்.

சிரஞ்சீவி மதியத்துக்குமேல் கம்பெனி யூனிஃபார்மோடு வந்து சேர்ந்தான். "இன்னா ஆச்சி? எப்படி ஆச்சி?" என்று எல்லாரையும் கேட்டான். யமுனா வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் பத்மினி படுத்தபடியே சொன்னாள்: "நாந்தான் சரியா துன்னல. எனக்கு ஜுரம். பால் வரல." அக்காவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு நின்றது யமுனாவுக்கு அறை வாங்கியதைவிட வலித்தது.

ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டி வந்த ஆட்டோவை எங்கோ நிறுத்திவிட்டு வந்த புருஷோத்தமனை அவள் மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒண்ணு கேக்கறேன். நெசம் சொல்லணும். நம்ம பையன் போனப்ப, நான் தண்ணி குடிச்சதாலதான்னு நீயும் நெனச்சியா?"

புருஷோத்தமன் நல்ல மனுஷன். ஒரு நாளும் அவள்மேல் கை நீட்டியவன் இல்லை. அவன் கீழ்ப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நெனச்சேன்," என்றான். "சொன்னா நீ தாங்கமாட்டேன்னு சொல்லல."

யமுனா படியில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். மேலும் கீழும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். நர்ஸ் சொன்னதை அவள் அவனிடம் சொன்னாள். அவன் எழுந்து கீழே போய்க் கடையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து மூடியைத் திருகி அவளிடம் கொடுத்தான். காலையிலிருந்து அவளும் ஒன்றும் குடித்திருக்கவில்லை. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

அடுத்த இரண்டு நாள்தான் பெரிய கண்டம். உப்பை வேகமாக இறக்கினால் மூளை வீங்கி ஃபிட்ஸ் வரும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு மணிக்கொருதரம் ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் என்ன எண் வந்தது என்று யமுனா கேட்டுத் தெரிந்துகொள்வாள். நூற்று அறுபத்தெட்டு, நூற்று அறுபத்தாறு, நூற்று அறுபத்திரண்டு. அந்த எண்களுக்கு முழு அர்த்தம் அவளுக்குத் தெரியாது, இறங்கவேண்டும் என்பது மட்டும் தெரியும். மறுநாள் மத்தியானம் பிள்ளையின் இடது கை ஒருமுறை வெட்டி இழுத்தது என்று உள்ளே ஆட்கள் ஓடினார்கள். கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்ற யமுனாவுக்கு அரைமணி நேரம் எதுவும் கேட்கவில்லை. இழுப்பு திரும்ப வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தபிதா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் மடித்த துணி.

"ஒண்ணுக்கு போயிட்டான் அக்கா. நல்லா."

யமுனா அந்தத் துணியை வாங்கினாள். ஈரமாக, கனமாக இருந்தது. கறை இல்லை. முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து முதல்தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். பக்கத்து பெஞ்சுப் பெண்கள் பிள்ளை போய்விட்டது என்று நினைத்து எழுந்து வந்தார்கள்.

அன்றைக்குப் பிள்ளையைப் பத்மினியின் மடியில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அகலமாக வாய் திறக்க வைப்பது என்று தபிதா பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். யமுனாவையும் கூடவே உட்கார வைத்தாள். ஒவ்வொரு தடவை பால் கொடுக்க உட்காரும்போதும் பத்மினி பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கவேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை பால். துணி ஆறு தடவையாவது நனையவேண்டும், நனையாவிட்டால் காத்திருக்கக்கூடாது.

"சாப்பாடு?" என்று யமுனா பயந்து பயந்து கேட்டாள்.

"பத்தியம்னு எதுவும் இல்ல. வீட்ல எல்லாரும் துன்றதுதான், கொஞ்சம் கூட. பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை. கேவுரு கூழ். மோர் குடுங்க. வேர்க்கடலை உங்க ஊர்ல இல்லாததா. பூண்டு போடுங்க, நல்லதுதான், ஆனா பூண்டும் சோறும் மட்டும் போட்டு விடாதீங்க."

பருப்பு, கீரை, முட்டை, ராகி. இதைத்தானே பள்ளிக்கூடத்தில் எண்பது பிள்ளைக்குத் தினமும் ஊற்றிப் போட்டு, தின்று முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நிற்கிறோம் என்று யமுனா நினைத்தாள். தன் வீட்டுக் கட்டிலில் கிடந்தவளுக்கு மட்டும் சுட்ட மிளகாய்.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். யமுனா ஜன்னல் இடுக்கிலிருந்து சேலையை உருவி எடுத்தாள். ஃபேனைப் போட்டபோது, இறக்கை சுழல ஆரம்பித்த முதல் சுற்றில், அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தெரிந்த விஷயம் வேறு, பயம் வேறு. முதல் ஒரு வாரம் பத்மினி தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் யமுனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "இவ்ளோ தண்ணி ஊத்துறியே, தொப்பை போட்டு பூடும்," என்று சென்னம்மா வாசலில் நின்று சொன்னபோது, "போடட்டும்," என்று மட்டும் சொன்னாள். பிறகு, தன் வீட்டுக்குத் திரும்பப் போன சென்னம்மாவை நிறுத்திக் கேட்டாள்.

"யக்கா, தேவசேனாவுக்கு எத்தினி நாள் பால் குடுத்தே?"

"ரெண்டு மாசம் இருக்கும். ஏன்?"

"ஒண்ணுமில்ல. நீதான் அவள காப்பாத்தினது," என்றாள். சென்னம்மா விளங்காமல் சிரித்துவிட்டுப் போனாள்.

ஆடி மாதத்தில் அதே தெருவில் கிருஷ்ணப்பாவின் மருமகள் பிள்ளை பெற்று வந்தாள். மூன்றாம் நாள் யமுனா அவர்கள் வாசலில் போய் நின்றாள். போவதற்கு முன் இரண்டு தடவை பாதி வழியில் திரும்பி வந்தாள். என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொன்னார்கள். "உன் தங்கச்சி புள்ளையே செத்து பொழச்சி வந்துச்சி. நீ எங்களுக்கு சொல்ல வந்துட்டே," என்றாள் கிருஷ்ணப்பாவின் மனைவி. முதல் பிள்ளையைப் பற்றி அவள் சொல்லவில்லை, ஆனால் பார்வை அதைத்தான் சொன்னது. யமுனா திரும்பி வரவில்லை. நாக்கு குழற, வாசலிலேயே நின்று, தனக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அழகாகச் சொல்ல வரவில்லை. அங்கங்கே முன்பின்னாக வந்தது. உள்ளே கட்டிலில் கிடந்த பெண்ணுக்குக் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். கிருஷ்ணப்பாவின் மனைவி கதவைச் சாத்தவில்லை. மறுநாள் அங்கன்வாடியில் எடை போடுகிற இடத்தில் அந்தப் பிள்ளையை யமுனா பார்த்தாள். அவள் சொல்லித்தான் வந்தார்களா, தாமாக வந்தார்களா, தெரியாது. கேட்கவும் இல்லை.

பத்மினி இப்போது ஸ்ரீ சிட்டிப் பக்கம் புருஷனோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். பையனுக்கு ஒன்றரை வயது. கை இழுத்ததைப் பற்றி யமுனாவுக்கு இன்னும் பயம் உண்டு. அவன் இடது கையால் எதை எடுத்தாலும் உற்றுப் பார்ப்பாள். டாக்டர்கள் ஒன்றுமில்லை என்கிறார்கள். தினமும் பள்ளிக்கூட வேலை முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு போன் செய்வாள்.

"இன்னா துன்னான்?"

"கேவுரு களி. முருங்கைக்கீரை சாறு. முட்டையில வெள்ள மட்டும் துன்னான், மஞ்சள துப்பிட்டான்."

"மஞ்சள பருப்புல மசிச்சி குடு. தண்ணி?"

"குடிச்சிக்கினேதான் கீறான் அக்கா. நீ கேட்டுக்கினே இருப்பேன்னு நெனச்சி நானே எண்ணி வச்சிருக்கேன்." பத்மினி சிரித்தாள். பிறகு கேட்டாள்: "நீ துன்னியா?"

யமுனா பள்ளிக்கூடச் சமையல் கட்டின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. காலையில் ஒரு டீ குடித்ததோடு சரி.

"இனிமேதான்," என்றாள்.

"போன வச்சிட்டு மொதல்ல துன்னு. நான் அர மணி கழிச்சி கூப்பிடுவேன்."

போன் அணைந்தது. யமுனா கழுவி வைத்த தட்டுகளில் ஒன்றை எடுத்தாள். குண்டானில் அடியில் கொஞ்சம் சோறும் பருப்பும் இருந்தன, ஒரு முட்டை மீதமிருந்தது. சோறு போட்டுக்கொண்டு, பிள்ளைகள் உட்கார்ந்து தின்கிற வராந்தாவிலேயே உட்கார்ந்தாள்.